ஹயாமாவில் கையைக் கடிக்காத மதியச் சுஷி

கேள்வி: அலுவல் நிமித்தம் டோக்கியோ செல்லும் நானும் என் கணவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஹயாமா கடற்கரையில் கழிக்க எண்ணியுள்ளோம். அரச மாளிகையும் பணக்காரர்களின் கடலோர வீடுகளும் உள்ள அந்த ஊரில், கட்டுப்படியாகும் விலையில் நல்ல சுஷி மதிய உணவு கிடைக்குமா? விலை குறைந்தால் மீனின் தரமும் குறைந்துவிடாதா?

பதில்: கிடைக்கும், தரத்தைப் பற்றி நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. 1894-இல் அரச குடும்பத்துக்கு மாளிகை எழுந்த பிறகு செல்வந்தர்களின் ஊராகப் பெயர்பெற்ற ஹயாமாவில், இன்றும் மீன்பிடிப் படகுகள் வந்து நிற்கும் சிறு துறைமுகங்கள் இருக்கின்றன.

இரவில் சமையற்காரர் தம் விருப்பப்படி ஒவ்வொன்றாகப் பரிமாறும் 'ஒமகாசே' விருந்துக்குப் பெருந்தொகை வாங்கும் கடைகளிலேயே, மதியத்தில் பலவற்றில் விலை நிர்ணயித்த தட்டு உணவு உண்டு. எத்தனை பேர் வந்தாலும் முன்பே தீர்மானித்த தட்டுகளே என்பதால் மீன் வீணாவதில்லை. சமைப்பவரின் நேரமும் மிச்சமாகிறது. இரவு விருந்துக்கு வெட்டியது போக எஞ்சும் நல்ல துண்டுகள், வினிகர் கலந்த சோற்றின்மேல் பரப்பித் தரும் 'சிராஷி'யில் சேர்ந்துவிடுகின்றன. விலை குறைவதற்கு இவையே முக்கியக் காரணங்கள்.

தட்டுகளைப் பொதுவாக நாமி (சாதாரணம்), ஜோ (மேல்தரம்), தொக்குஜோ (மிக மேல்தரம்) என்று தரம் பிரித்திருப்பார்கள். மேல்தரத் தட்டில் கூடுவது பெரும்பாலும் சூரை மீனின் கொழுத்த வயிற்றுப்பகுதி, கடல்முள்ளெலி போன்ற விலையுயர்ந்த பண்டங்களே. முதன்முறை உண்பவர்களுக்கு நாமியே போதும் என்பது என் உறுதியான கருத்து. மிச்சமாகும் பணத்தில், பாரை மீன் இனத்தைச் சேர்ந்த அஜியை இரண்டு துண்டு தனியாகக் கேளுங்கள். ஹயாமா அமைந்திருக்கும் சகாமி விரிகுடாவின் சுவையை அந்த எளிய மீனில்தான் அறியலாம். நெத்திலி, மத்திக் குஞ்சுகளான 'சிராசு'வும் இவ்வட்டாரத்தின் பெருமை. ஆனால் ஜனவரி முதல் மார்ச் பத்தாம் தேதி வரை அதைப் பிடிக்கத் தடை இருப்பதால், அந்நாட்களில் பச்சையாகக் கிடைப்பது அரிது. விலைக்குப் பதிலாக 'ஜிகா', அதாவது அன்றைய சந்தை விலை, என்று எழுதியிருந்தால் தொகையைக் கேட்டறிந்த பிறகே வாங்குங்கள்.

பச்சை மீன் உங்கள் கணவருக்கு ஒவ்வாதெனில் வேகவைத்த இறால், பக்குவப்படுத்திய கடல்விலாங்கு, வெள்ளரிச் சுருள் ஆகியவை உண்டு. நீங்கள் சைவ உணவினர் என்றால் மட்டும் கவனம் தேவை. முட்டை அடையிலும் மிசோ என்னும் புளித்த சோயா விழுதில் செய்யும் சூப்பிலும் மீன்சாறு கலந்திருப்பதே வழக்கம்.

இயன்றால் ஞாயிற்றுக்குப் பதில் சனிக்கிழமை செல்லுங்கள். டோக்கியோவின் டோயோசு மீன்சந்தைக்கு ஞாயிறு விடுமுறை என்பதால், அங்கிருந்து அன்று புதிய மீன் வராது. ஹயாமாவில் ரயில் நிலையம் இல்லை. டோக்கியோவிலிருந்து யோகோசுகா தடத்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் பயணித்து ஜுஷியில் இறங்கிப் பேருந்து பிடிக்க வேண்டும். மதியத் தட்டு பல கடைகளில் இரண்டு மணி வாக்கில் நின்றுவிடும் என்பதால், பதினொன்றரைக்கே கடைவாசலில் இருப்பது நல்லது.