கும்பகோணத்தில் புதிய இசையை எங்கே தேடுவது?

சென்னையிலிருந்து வேலை மாற்றலாகிக் கும்பகோணத்துக்கு வந்திருப்பதாகவும், அங்கே சிறிய அரங்குகளில் புதிய குழுக்களின் பாடல்களைக் கேட்டுப் பழகிய உங்களுக்கு இங்கே கோயில் கச்சேரியையும் கல்யாண மேளத்தையும் தவிர வேறொன்றும் கண்ணில் படவில்லை என்றும், திரைப்படத்தைச் சாராத புதிய இசை காவிரிப் படுகையில் இருக்கிறதா, இருந்தால் அதைக் கண்டடைய வழி என்ன என்றும் கேட்டிருக்கிறீர்கள். இருக்கிறது. பதினான்கு ஆண்டுகளாக இந்த ஊரில் வசித்து, தஞ்சாவூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையில் இரவுப் பேருந்துகளில் அலைந்து கேட்டவன் என்ற முறையில் சொல்கிறேன்: இங்கே அரங்கைத் தேடிப் போனால் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும், வாசிப்பவரைத் தேடிப் போக வேண்டும்.

இதற்குக் காரணம் பிழைப்பு. எங்கள் பகுதியில் இசையைத் தொழிலாகக் கொண்டவர்களுக்குச் சோறு போடுபவை முகூர்த்த நாட்களும் திருவிழாக்களும். தை பிறந்தால் கல்யாண மேளம், பங்குனியிலிருந்து வைகாசி வரை கோயில் உற்சவம், ஆடியில் கல்யாணம் இல்லாவிட்டாலும் ஊருக்கு ஊர் அம்மன் திருவிழா. இந்த வேலைகளுக்கு நடுவே கிடைக்கும் நாட்களில், தாம் நினைத்ததை வாசித்துப் பார்க்கவும் தம் சொல்லில் பாட்டுக் கட்டவும் இளைஞர்கள் சிலர் கூடுகிறார்கள். அதற்கென்று ஒரு கட்டடம் கிடையாது, நுழைவுச்சீட்டு கிடையாது, பெரும்பாலும் பெயர்கூடக் கிடையாது. திருவிழா அழைப்பிதழை எடுத்துப் பாருங்கள்: மண்டகப்படிக்காரரின் பெயரும் உபயதாரரின் பெயரும் தடித்த எழுத்தில் இருக்கும், வாசிப்பவரின் பெயர் கடைசி வரியில் பொடி எழுத்தில் இருக்கும், அல்லது ‘மங்கள வாத்தியம்’ என்ற இரண்டு சொற்களோடு முடிந்துவிடும். அந்தப் பொடி எழுத்தைப் படிக்கும் பழக்கம்தான் உங்களுக்கு முதலில் வேண்டியது.

அந்த எழுத்தும் இல்லாத இடத்தில் எனக்கு வழி காட்டியவர் ஒரு மைக் செட்காரர். சில ஆண்டுகளுக்கு முன்பு ஆடி மாதத்தில், பாபநாசத்தை அடுத்த ஒரு கிராமத்தில் அம்மன் புறப்பாட்டைப் பார்க்கப் போயிருந்தேன். வைக்கோலை மூட்டித் தப்பு என்ற பறையைக் காய்ச்சிக்கொண்டிருந்த ஐந்து பேரில் இளையவர், நள்ளிரவைத் தாண்டிக் கூட்டம் கலைந்த பிறகு, ஒலிபெருக்கியை எடுத்துத் தாமே கட்டிய பாட்டு ஒன்றைப் பாடினார். ஜூன் 12 ஆம் தேதி மேட்டூரில் மதகு திறந்த செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, தண்ணீர் வரும் வரும் என்று வாய்க்கால் கரையில் காத்து நிற்கும் கடைமடைக் கூலிக்காரர் ஒருவரின் பேச்சு அந்தப் பாட்டு. தண்ணீர் எந்த ஊரைக் கடந்தது என்று ஒவ்வொரு நாளும் ஊர்ப்பெயராகச் சொல்லிக்கொண்டே போகிறார். ஊர் நெருங்க நெருங்கத் தப்பின் நடை மாறுகிறது. அடிக்குச்சி ஓய்ந்து, மற்ற கையின் சிண்டுக்குச்சி மட்டும் மெல்லத் தட்டிக்கொண்டிருக்க, தண்ணீர் வந்ததா இல்லையா என்று சொல்லாமலே பாட்டு நின்றுவிடுகிறது. திரைப்பாடல்களைக் கேட்டுத் தேய்ந்த என் காதுக்கு அப்படி ஒரு முடிவு புதியது. பாடியவர் யார் என்று விழாக் குழுவினரிடம் கேட்டேன். “தப்பு செட்டு” என்பதற்கு மேல் அவர்களுக்குத் தெரியவில்லை. ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்த மைக் செட்காரருக்குத்தான் அவர் பெயரும், ஊரும், அடுத்த வாரம் எங்கே அடிக்கப் போகிறார் என்பதும், இதே போல் இன்னும் மூன்று பாட்டுகள் வைத்திருக்கிறார் என்பதும் தெரிந்திருந்தன. ஓர் ஆண்டில் நூறு மேடைகளைக் கேட்பவர் அவர். எந்தக் குரல் புதிது, யாருடைய கை பேசுகிறது என்று அவருக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? அன்றிலிருந்து எந்த ஊருக்குப் போனாலும் மேடைக்குப் போவதற்கு முன் ஒலிக்கலவைப் பெட்டிக்குப் பக்கத்தில் போய் நிற்கிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

தப்பைப் பற்றிச் சொல்லும்போது ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சாவு வீட்டில் அடிப்பதற்கு மட்டுமே உரியது என்று ஊர் ஒதுக்கி வைத்த கருவி அது. அடிப்பவரையும் அப்படித்தான் ஒதுக்கியது. சாவுக்கு அடிக்க மாட்டோம், மேடையில் அடிப்போம் என்று முடிவு செய்த இளைஞர்களைப் பல ஊர்களில் சந்தித்திருக்கிறேன். 2018 ஜனவரியில் சென்னையில் முதல் நிகழ்ச்சி நடத்திய, சாதிக்கு எதிராகப் பாடும் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவை நீங்கள் அங்கே நேரில் கேட்டிருக்கக்கூடும். அவர்களைக் கைப்பேசியில் கேட்ட பிறகுதான் தங்கள் வாழ்க்கையையும் பாட்டாக்கலாம் என்ற துணிவு வந்தது என்று அந்த இளைஞர்களில் இருவர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

நாகசுரத்தின் கதை வேறு. ஆடுதுறைக்குப் பக்கத்தில் உள்ள நரசிங்கம்பேட்டையில் பழைய வீடுகளின் உத்திரத்திலிருந்தும் கதவிலிருந்தும் கிடைக்கும் முதிர்ந்த ஆச்சா மரத்தைக் கடைந்து நாகசுரம் செய்கிறார்கள். 2022 இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இன்று எல்லாரும் வாசிக்கும் பாரி நாகசுரம், நாகசுர மேதை திருவாவடுதுறை டி. என். இராஜரத்தினம் பிள்ளைக்காக அந்த ஊர் ஆசாரி ஒருவர் உருவாக்கியது. அதற்கு முன் வழக்கில் இருந்த திமிரி உயர்ந்த சுருதி கொண்டது. தம் குரலுக்கும் கற்பனைக்கும் ஏற்ற ஆழம் வேண்டும் என்று ஒரு கலைஞர் கருவியையே மாற்றச் சொன்ன ஊர் இது என்பதை, இங்கே எல்லாம் பழையது என்று நினைப்பவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வதுண்டு. இரண்டாம் சரபோஜி மன்னரின் அரண்மனையில் மேற்கத்திய இசைக்குழு இருந்தது. அதே காலத்தில் தஞ்சாவூரில் வேதநாயக சாஸ்திரியார் கிறிஸ்தவப் பாடல்களைக் கருநாடக இராகங்களில் பாடினார். கலப்பது எங்களுக்குப் புதிதல்ல.

அந்த வழியில் வந்த நாகசுர இளைஞர் ஒருவர், பகலில் கோயில் வேலை, இரவில் கிட்டார் வாசிக்கும் நண்பரோடு ஒத்திகை என்று இருக்கிறார். அவர்கள் ஒத்திகை பார்க்கும் வீட்டுக்கு மைக் செட்காரர் மூலமாகத்தான் எனக்கும் அழைப்பு வந்தது. நாகசுரம் திறந்த வெளிக்கென்று பிறந்த கருவி. பத்துக்குப் பத்து அறையில் அதைப் பக்கத்தில் வைத்து வாசித்தால் கிட்டார் காதில் விழாது. ஆகவே நாகசுரக்காரர் திண்ணையில் தெருவைப் பார்த்து உட்கார்ந்துகொள்கிறார். கிட்டார்க்காரர் கூடத்துக்குள் இருக்கிறார். இருவருக்கும் நடுவில் ரேழிக் கதவைப் பாதி சாத்தி, அந்தக் கதவை வைத்தே சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிறார்கள். பாரி நாகசுரம் பெரும்பாலும் இரண்டு அல்லது இரண்டரைக் கட்டையில் நிற்பதால், கிட்டாரின் கழுத்தில் கேப்போ என்ற பிடியை மாட்டிச் சுருதியை உயர்த்துகிறார்கள். அப்படியும் சிக்கல் தீர்வதில்லை. நாகசுரத்தின் வாயில் பொருத்தும் சீவாளியின் ஈரத்துக்கும் ஊதுபவரின் மூச்சுக்கும் ஏற்பச் சுரம் சற்று ஏறும், இறங்கும். கிட்டாரின் தண்டில் சுரங்கள் நிலையாகப் பதிந்திருக்கின்றன. முதல் சில மாதங்கள் இதனால் இருவருக்கும் மனத்தாங்கல் வந்ததாம். பிறகு, நாகசுரம் கமகத்தோடு அசையும் இடங்களில் கிட்டார் ஒரே ஒரு தந்தியை மட்டும் மீட்டி, ஒரே சுரத்தில் நின்று ஒலிக்கும் ஒத்துக் கருவியை ஊதுவது போல நிற்பது என்று ஒரு முறையைக் கண்டுபிடித்தார்கள். ஒத்து ஊதுபவரின் இடத்தைக் கிட்டார் எடுத்துக்கொண்டது என்பதை அவர்கள் வாயால் கேட்டபோது, நவீனம் என்ற சொல்லுக்கு எனக்கு இருந்த பொருளே மாறியது. புறப்பாட்டு மல்லாரியின் கம்பீர நாட்டை இராகத்தில் தொடங்கி, சுவாமி இல்லாத தெருவில் நள்ளிரவில் அவர்கள் நடத்திய அரை மணி நேரம், நான் கேட்ட மிகச் சிறந்த கச்சேரிகளில் ஒன்று. கேட்டவர்கள் ஏழு பேர்.

திருவையாற்றுத் தியாகராஜ ஆராதனையை நீங்கள் பழமையின் பட்டியலில் சேர்த்துவிட்டிருக்கலாம். தியாகராஜர் மறைந்த திதியான புஷ்ய பகுள பஞ்சமியன்று காலையில் நூற்றுக்கணக்கானோர் கூடிப் பஞ்சரத்தினம் பாடும் காட்சியைத்தான் தொலைக்காட்சி காட்டுகிறது. நான் போவது மற்ற நாட்களின் பிற்பகலில். பெங்களூர் நாகரத்தினம்மாள் தம் பொருளைச் செலவிட்டு எழுப்பிய அந்தச் சமாதியின் முன், பெரிய வித்துவான்களுக்கும் பெயர் தெரியாத மாணவர்களுக்கும் சில நிமிடங்கள்தான் நேரம். பிற்பகல் இரண்டு மணி வெயிலில், பந்தல் பாதி காலியாக இருக்கும்போது, ஒரு கீர்த்தனைக்கு மட்டும் கிடைத்த நேரத்தில் தம் முழு வித்தையையும் வைத்துவிட வேண்டும் என்று வரும் இளைஞர்களில், வேறெங்கும் நீங்கள் கேட்டிராத குரல்கள் இருக்கும். பெயர் அறிவிக்கும்போது எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதே ஆற்றங்கரையில் பிரகிருதி அறக்கட்டளை நடத்திய புனித இசை விழாவில்தான் சூஃபி பாடகர்களையும் வெளிமாநிலக் குழுக்களையும் நான் முதன்முதலில் கேட்டேன்.

சொல்லுக்காகக் கேட்பவராக இருந்தால் கிழக்கே போங்கள். நாகூர் தர்காவின் கந்தூரி விழா நாட்களில் தாயிரா என்ற கைப்பறையைத் தட்டிப் பக்கீர்கள் பாடுவார்கள். அந்தத் தர்காவின் பாடகர்கள் பாடியது, 2004 ஆழிப்பேரலை தாக்கிய கரைகளின் இசையைத் திரட்டிய ஒரு பதிவின் வழியாக உலகம் சுற்றி வந்தது. நேரில் கேட்க அலங்கார வாசலுக்குப் பக்கத்தில் காத்திருந்தால் போதும். கீழவெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று எரித்துக் கொல்லப்பட்ட 44 பேரின் நினைவாக ஆண்டுதோறும் அதே நாளில் கூடுகிறார்கள். புதிதாகக் கட்டிய பாட்டுகளோடு அங்கே வரும் இளைஞர்களைப் பார்த்திருக்கிறேன். 2017 இல் கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய்க்கு எதிராக மக்கள் உட்கார்ந்தபோது பிறந்த பாட்டுகள் எந்த இசைத்தட்டிலும் வரவில்லை, ஆனால் அப்போது பாடியவர்களில் சிலர் முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கத்தின் கலை இரவுகளில் இன்றும் பாடுகிறார்கள். ஊர்ச் சுவரில் ‘கலை இலக்கிய இரவு’ என்ற சுவரொட்டியைப் பார்த்தால் தவறவிடாதீர்கள்.

தஞ்சாவூரில் தென்னகப் பண்பாட்டு மையமும் தமிழ்ப் பல்கலைக்கழகமும் நடத்தும் நிகழ்ச்சிகளுக்கு ஒருமுறை போய் வந்தால் போதும், யாரை எங்கே பின்தொடரலாம் என்பது தெரிந்துவிடும். கிட்டாரும் டிரம்ஸும் கொண்ட குழுக்களுக்குத் திருச்சிக் கல்லூரி விழாக்கள்தான் இடம். அவற்றில் பெரும்பாலானவை பிறர் பாடல்களையே வாசிப்பதால் எனக்கு ஆர்வம் குறைவு.

இணையத்தில் தேடும் முறையையும் கேட்டிருந்தீர்கள். குழுவின் பெயரை வைத்துத் தேடிப் பயனில்லை, ஏனெனில் பெயரே இல்லை. ஊர் வீடியோக்காரர்கள் விடிய விடிய எடுத்ததை அப்படியே யூடியூபில் ஏற்றி, ஊர்ப்பெயர், அம்மன் பெயர், ஆண்டு என்று மட்டும் தலைப்பு வைக்கிறார்கள். ஆகவே ஊர்ப்பெயரோடு ‘தவில்’, ‘தப்பு’, ‘ஆடித் திருவிழா’ என்று சேர்த்துத் தேடுங்கள். நான்கு மணி நேரக் காட்சியில் கடைசி ஒரு மணி நேரத்தை மட்டும் பாருங்கள். ஊர்ப் பெரியவர்கள் படுக்கப் போன பிறகுதான் வாசிப்பவர்கள் தமக்காக வாசிக்கத் தொடங்குகிறார்கள்.

நீங்கள் படம் எடுப்பதானால் முதலில் கேட்டுவிடுங்கள். தொடக்கத்தில் நான் கேட்காமல் ஒரு பாட்டை எடுத்து முகநூலில் போட்டுவிட்டேன். இரண்டே மாதத்தில் வேறொருவர் அதன் மெட்டை எடுத்துத் தம் பெயரில் வெளியிட்டார். பாட்டைக் கட்டியவர் என்மேல் கோபப்படவில்லை, ஆனால் அதன் பிறகு நான் இருக்கும் இடத்தில் புதுப் பாட்டு எதையும் பாடுவதில்லை. அது எனக்கு இன்றுவரை வருத்தம். பணமும் அப்படித்தான். வீட்டு ஒத்திகைக்குப் போனால் வெற்றிலைத் தட்டில் உங்களால் இயன்றதை வைத்துவிட்டு வாருங்கள். உங்கள் அலுவலக விழாவுக்கு அழைத்தால் அச்சாரத்தை முன்கூட்டியே கொடுங்கள், விளம்பரம் கிடைக்கும் என்ற பேச்சை எடுக்காதீர்கள்.

ஆடி பிறக்கும்வரை காத்திருங்கள். முதல் வெள்ளிக்கிழமை இரவு பாபநாசம், சுவாமிமலைப் பக்கம் எந்த அம்மன் கோயிலில் திருவிழா என்று உங்கள் தெரு முனைத் தேநீர்க் கடையில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். பதினோரு மணிக்கு மேல் போங்கள். திரும்பி வரக் கடைசிப் பேருந்தை நம்பாமல் விடியற்காலை முதல் பேருந்துவரை இருக்கும் எண்ணத்தோடு ஒரு துண்டை எடுத்துக்கொள்ளுங்கள், கோயில் திண்ணையில் இடம் இருக்கும். மைக் செட்காரருக்கு ஒரு தேநீர் வாங்கிக் கொடுத்து, இந்த ஆண்டு யாருடைய வாசிப்பு அவருக்குப் பிடித்தது என்று கேளுங்கள்.