சென்னையில் வீட்டிலிருந்தே ஊறுகாயும் பொடி வகைகளும் ஆன்லைனில் விற்கத் தொடங்கியிருக்கிறோம். 300 கிராம் கண்ணாடி பாட்டில், கூரியரில் வெளியூர் ஆர்டர்கள். பேக்கிங் சாமான்களை எப்படித் தேர்வு செய்வது, எங்கே வாங்குவது?

அம்பத்தூர் எஸ்டேட்டில் அட்டைப் பெட்டி தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் ஆர்டர் எடுப்பது என் வேலை. புதிதாகத் தொழில் தொடங்கியவர்கள் போன் போட்டால் முதலில் சொல்வது அநேகமாக இதுதான்: "அண்ணே, நல்லா ஸ்ட்ராங்கா அஞ்சு பிளைல போட்டுக் குடுங்க." பிளை என்றால் அட்டையில் இருக்கும் தாள் அடுக்கு. உள்ளே என்ன போகிறது, எத்தனை பாட்டில், கூரியரா லாரியா என்பதெல்லாம் நாமாகக் கேட்டால்தான் வரும். அஞ்சு பிளை விற்றால் எங்களுக்கு லாபம்தான். ஆனாலும் உங்களுக்கு அது தேவையில்லை என்றுதான் சொல்கிறேன், என் முதலாளி இந்தத் தளத்துப் பக்கம் வருவதில்லை.

முதலில் அளவு, அப்புறம்தான் பிளை. கூரியர்காரர்கள் தராசை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5000 ஆல் வகுப்பார்கள். சில கம்பெனிகள் இன்னும் சின்ன எண்ணால் வகுக்கும். வருகிற விடை கிலோ. அதுவா, தராசு எடையா, எது அதிகமோ அதற்குத்தான் பில். உங்கள் ஆர்டர் ஒன்றில் இரண்டு பாட்டில், இரண்டு பொடி பாக்கெட், பெட்டியோடு சேர்த்து ஒன்றேகால் கிலோ என்று வைத்துக்கொள்வோம். கடையில் ரெடியாகக் கிடைக்கிறதே என்று 30×25×20 பெட்டியில் போட்டால் கணக்கு 3 கிலோ காட்டும். அதே சரக்கை 20×20×15 பெட்டியில் அடக்கினால் கணக்கு எடை 1.2 கிலோதான், அரை அரை கிலோவாக ஏற்றிப் போட்டாலும் ஒன்றரை கிலோவுக்குக் கட்டினால் போதும். பெரிய பெட்டியில் பாதிப் பணம் காற்றுக்குப் போகிறது. அந்தக் காலி இடத்தை அடைக்க பபுள் ரேப் செலவு வேறு. இன்னொன்று, எங்களைப் போன்றவர்கள் சொல்லும் அளவு பெரும்பாலும் உள்ளளவு; கூரியர் அளப்பது வெளிப்புறத்தை. ஆர்டர் கொடுக்கும்போதே இதைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

இந்த எடைக்கு 3 பிளை தாராளமாகத் தாங்கும். இரண்டு தட்டைத் தாள், நடுவில் ஒரு அலைத் தாள், அதுதான் 3 பிளை. 5 பிளையில் தட்டைத் தாள் மூன்று, அலைத் தாள் இரண்டு. ஆனால் எத்தனை அடுக்கு என்பதைவிட என்ன பேப்பர் என்பதுதான் முக்கியம். மட்டமான பேப்பரில் செய்த 5 பிளையைவிட நல்ல கிராஃப்ட் பேப்பரில் செய்த 3 பிளை எவ்வளவோ மேல். ஜிஎஸ்எம் எவ்வளவு, பிஎஃப் எவ்வளவு என்று இரண்டையும் கேளுங்கள். முன்னது பேப்பரின் கனம், பின்னது கிழியாமல் தாங்கும் வலு. கேட்டவுடன் எதிரில் இருப்பவர் பேச்சே கொஞ்சம் மாறும். சாம்பிள் கையில் வந்ததும் ஓரத்தைக் கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். நல்ல அட்டை எதிர்த்து நிற்கும், மட்டமானது பொசுக்கென்று அமுங்கி அப்படியே கிடக்கும். அலைக் கோடுகள் பெட்டியின் பக்கச் சுவர்களில் மேலிருந்து கீழாக ஓட வேண்டும். படுக்கை வசத்தில் ஓடினால் மேலே நாலு பெட்டி ஏறியதும் உங்கள் பெட்டி உட்கார்ந்துவிடும். மீதி அட்டையில் வெட்டிச் சேர்ப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

பாட்டில் உடைவது பெரும்பாலும் வெளியிலிருந்து விழும் அடியால் அல்ல, பாட்டிலும் பாட்டிலும் உள்ளேயே மோதிக்கொள்வதால். அதனால் நடுவில் அட்டைத் தடுப்பு வையுங்கள், பார்ட்டிஷன் என்று கேட்டால் பெட்டியோடு சேர்த்தே செய்து தருவார்கள். மூடிக் குலுக்கினால் சத்தமே வரக்கூடாது. வந்தால் இன்னும் காகிதம் அடையுங்கள். ஊறுகாய்க்குத் தனித் தலைவலி, எண்ணெய். மூடியை மட்டும் நம்பாதீர்கள், வாயில் அலுமினிய ஃபாயில் சீல் போடுங்கள். சின்ன தொழிலுக்குக் கையில் பிடித்து ஒட்டும் மெஷினே கிடைக்கிறது. பிறகு ஒவ்வொரு பாட்டிலையும் தனித்தனிக் கவரில் போட்டு இறுக்கி ஒட்டுங்கள். ஒரு பாட்டில் கசிந்தால் அதோடு போகட்டும். எண்ணெய் இறங்கிய அட்டைக்கு வலுவே இருக்காது, முகவரி லேபிளும் உரிந்து வந்துவிடும்.

டேப்பைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு இஞ்ச், 40 மைக்ரான் கேளுங்கள். விலை மலிவாக இருக்கிறதென்றால் ரோலின் உள்வட்ட அட்டை எவ்வளவு தடிமன் என்று பாருங்கள், டேப்பின் நீளம் அங்கேதான் காணாமல் போகும். லேபிளின் பார்கோடு மேல் டேப் ஒட்டாதீர்கள்.

வாங்கும் இடம்: டேப், பபுள் ரேப், கூரியர் கவர் எல்லாம் பாரிமுனை, சவுக்கார்பேட்டை பக்கம் மொத்த விலைக்குக் கிடைக்கும். காலையில் போங்கள், மதியத்துக்கு மேல் அந்தத் தெருக்களில் மூட்டை தூக்குபவர்களுக்கு நடுவே நிற்கவே இடம் இருக்காது. பெட்டிக்கு அம்பத்தூர், கிண்டி. உங்கள் அளவில் செய்ய வேண்டுமென்றால் குறைந்தபட்ச எண்ணிக்கை சொல்வார்கள், பெயர் அச்சிட பிளாக் (அச்சு வார்ப்பு) செலவு தனி. ஆரம்பத்தில் வெறும் பெட்டியும் ஒரு ரப்பர் ஸ்டாம்பும் போதும்.

விலை குறைகிறதே என்று ஆறு மாதத்துக்குச் சேர்த்து வாங்கிக் குவிக்காதீர்கள். சென்னைக் காற்றின் ஈரத்தை அட்டை உறிஞ்சிக்கொள்ளும், உறிஞ்ச உறிஞ்ச வலு இறங்கும். உங்களுக்கு ஆர்டர் கொட்டும் தீபாவளி நேரமும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றாகத்தான் வரும். கட்டுகளைத் தரையில் போடாமல் மரப்பலகை மேல், சுவரைத் தொடாமல் அடுக்குங்கள். ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள்.

தீபாவளிக்கு இனிப்பும் சேர்ப்பதாக இருந்தால், ஸ்வீட் பாக்ஸைச் சுற்றி மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டும் பழக்கம் வேண்டாம். 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடை செய்த பட்டியலில் அது இருக்கிறது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலே பிளாஸ்டிக் கேரி பேக் எந்தத் தடிமனிலும் கூடாது. பொடி பாக்கெட்டைச் செய்தித்தாளில் சுற்றுவதையும் விட்டுவிடுங்கள், அச்சு மை உணவுக்கு ஆகாது.

ஆயிரக்கணக்கில் ஆர்டர் கொடுக்கும் முன் பத்து சாம்பிள் பெட்டி வாங்கி, அதில் ஒன்றை நிஜ சரக்கோடு டெல்லியிலோ கொல்கத்தாவிலோ இருக்கும் சொந்தக்காரருக்குச் சாதாரண ஆர்டர் போலவே அனுப்புங்கள். பிரிக்கும் முன் ஆறு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எந்த மூலை நசுங்கியிருக்கிறது என்று பார்த்த பிறகு எனக்கோ வேறு யாருக்கோ போன் போடலாம்.