வேலூரில் வீடு, விற்பவர் வெளியூரில்: சில கேள்விகள், பதில்கள்

காட்பாடியில் முப்பது வருடமாகப் பத்திரம் எழுதுகிறேன். வாடகைக்கு விட்ட வீட்டைத் தூரத்தில் இருந்தபடியே விற்க நினைப்பவர்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

சார், நான் துபாயில் இருக்கிறேன். சத்துவாச்சாரி வீட்டை விற்கத் தம்பிக்குப் பவர் கொடுத்தால் போதுமா?

போதும். பவர் என்பது உங்களுக்குப் பதிலாகக் கையெழுத்துப் போடும் அதிகாரத்தை அவருக்கு எழுதிக் கொடுக்கும் பத்திரம். அங்குள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் அதிகாரி முன்னால் அதில் கையெழுத்துப் போட்டு அசலை அனுப்புங்கள். அது இந்தியா வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். கூரியர் கவரைக் கிழித்துப் போட்டுவிட வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லுங்கள், வந்த தேதிக்கு அதுதான் சாட்சி. கிரயத்தன்று, அதாவது விற்பனைப் பத்திரம் பதிவாகும் நாளில், நீங்கள் உயிரோடு இருப்பதற்கான சான்றும் கேட்பார்கள். பவர் கொடுத்தவர் இறந்தால் அந்தப் பவரும் செல்லாது, அதனால்தான்.

ஒரு வரியை மட்டும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பாருங்கள். 'கிரயத் தொகையைப் பெற்றுக்கொள்ளவும்' என்று மாதிரிப் பத்திரங்களில் தானாகவே வந்து உட்கார்ந்திருக்கும். அதை அடித்துவிட்டு, பணம் உங்கள் என்.ஆர்.ஓ. கணக்கில் (வெளிநாட்டில் இருப்பவர் இந்திய வருமானத்துக்காக இங்கே வைத்திருக்கும் வங்கிக் கணக்கு) விழுந்த பிறகே கையெழுத்து என்று எழுதச் சொல்லுங்கள். தம்பி கோபித்துக்கொள்வார். பரவாயில்லை, பொங்கலுக்குள் சரியாகிவிடும். பணத்தில் தகராறு வந்து முறிந்த உறவு அப்படிச் சரியானதை நான் பார்த்ததில்லை.

நான் பெங்களூரு. நோட்டரி முன் பவர் எழுதினால் செல்லுமா?

செல்லாது. இந்தியாவுக்குள் இருப்பவர் தாம் வசிக்கும் ஊர்ச் சார்பதிவாளர் முன்னால்தான் எழுத வேண்டும். அது சரி, பெங்களூரில் இருந்துகொண்டு பவர் எதற்கு? காலையில் ரயிலேறிக் காட்பாடியில் இறங்கினால் கைரேகை வைத்துவிட்டு ராத்திரிக்குள் வீடு திரும்பலாம்.

அண்ணே, குடியிருப்பவர் காலி செய்ய மாட்டேன் என்கிறார். வாங்க வருபவர்களை உள்ளேயும் விடுவதில்லை.

வீட்டை விற்றால் வாடகைதாரர் போயே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. வாங்குபவர் உங்கள் இடத்தில் வீட்டுக்காரராகிறார், ஒப்பந்தக் காலம் அப்படியே ஓடும். நம் ஊரில் இதுவே லாபமாகவும் முடியும். வி.ஐ.டி. பல்கலைக்கழகம், சி.எம்.சி. ஆஸ்பத்திரி பக்கம் வாடகை வருமானத்துக்காகவே வீடு தேடுகிறவர்கள் பலர். ஆள் இருக்கும் வீடு அவர்களுக்கு வசதி. அப்படி ஒருவரைப் பிடியுங்கள். குடியிருப்பவரிடம் வாங்கிய அட்வான்ஸை விலையில் கழித்து, இனி அதற்குப் புது வீட்டுக்காரரே பொறுப்பு என்று கிரயத்திலேயே எழுதிவிட வேண்டும். இல்லையென்றால் இரண்டு வருடம் கழித்து உங்களுக்குத்தான் போன் வரும்.

உள்ளே விடாததற்குக் காரணம் பெரும்பாலும் பயம்தான். ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும் வருவார்கள் என்று முன்கூட்டியே சொல்லி, ஒரு மாத வாடகையையும் விட்டுக்கொடுத்துப் பாருங்கள். வக்கீல் நோட்டீஸைவிட மலிவு.

வீடு காலி. சாவியைப் புரோக்கரிடம் கொடுத்து வைக்கலாமா?

ஊருக்கெல்லாம் புத்தி சொல்லும் நானே ஏமாந்த கதை இது. மகள் பிரசவத்துக்காகக் கோயம்புத்தூரில் சில மாதம் தங்க வேண்டி வந்தது. விற்கலாம் என்றிருந்த சின்ன வீட்டின் சாவியைத் தெரிந்த புரோக்கர் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்து கதவைத் திறந்தால் சமையலறை முழுக்கக் கடுகெண்ணெய் வாசனை, சுவரில் வங்காள மொழிக் காலண்டர். ஆஸ்பத்திரிக்கு வரும் வெளிமாநிலக் குடும்பங்களுக்கு நாள் வாடகைக்கு விட்டுச் சம்பாதித்திருக்கிறார். தங்கியவர்கள் பாவம், அவர்கள் மேல் குற்றமில்லை. ஜன்னலோரம் ஒரு மருந்துச் சீட்டு மடித்தபடி கிடந்தது.

அதற்கப்புறம் எல்லோருக்கும் நான் சொல்வது: மின் இணைப்பு எண்ணைக் குறித்து வையுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் பில்லை எந்த ஊரிலிருந்தும் இணையத்தில் பார்க்கலாம். பூட்டிய வீட்டில் 300 யூனிட் ஓடியிருந்தால் உள்ளே யாரோ இருக்கிறார்கள்.

வரி எவ்வளவு பிடிப்பார்கள்?

உள்நாட்டில் வசிப்பவர் என்றால், விலை 50 லட்சமோ அதற்கு மேலோ இருந்தால் வாங்குபவர் 1 சதவீதம் பிடிப்பார். வெளிநாட்டில் வசிப்பவருக்கு 50 லட்சம் என்ற வரம்பே கிடையாது. பிடித்தமும் மிக அதிகம். லாபம் குறைவுதான் என்றால் குறைத்துப் பிடிக்கும் சான்றை வருமான வரித் துறையிடம் முன்பே வாங்குங்கள். இதற்கு ஆடிட்டர் வேண்டும், நான் போதாது.

வீடு அப்பா பெயரில். அவர் காலமாகிவிட்டார், உயில் இல்லை. வாடகை நான்தான் வாங்குகிறேன். தனியாக விற்கலாமா தம்பி?

முடியாதுங்க அம்மா. வாடகை வாங்குவதால் வீடு உங்களுடையது ஆகிவிடாது. வாரிசுச் சான்றில் யார் பெயரெல்லாம் இருக்கிறதோ அத்தனை பேரும், கட்டிக்கொடுத்த அக்கா தங்கை உட்பட, கையெழுத்துப் போட வேண்டும். உங்கள் அம்மா இருந்தால் அவரும்தான். அப்புறம் பட்டா மாற்றம், வில்லங்கம் எல்லாம் பார்க்கலாம். முதலில் அக்காவுக்குப் போன் போடுங்கள், விலை பேசுவதற்கு முன்னால்.