பீரங்கிக்கு முன்னால் நடந்தது

கேள்வி: டெக்சாஸ்காரர் ஒரு பீரங்கிக்காகவா மெக்சிகோவோடு சண்டை பிடித்தார்கள், சேர்?
– வாசகி, உப்புவெளி

பதில்: பீரங்கி கடைசியில்தான் வருகிறது, பிள்ளை. மெக்சிகோவே நிலம் கொடுத்துக் குடியேற்றிய அமெரிக்கர்கள் அவர்கள். 1830இல் புதிதாக வருபவர்களைச் சட்டம் போட்டு மறித்ததும் மனக்கசப்பு முற்றியது. மெக்சிகோவுக்குள்ளேயே தனி மாநிலம் கேட்டு மனுவோடு போன குடியேறிகளின் தலைவர் ஸ்டீபன் ஆஸ்டின் 1834இல் சிறையில் கிடந்தார். கேட்கப் போனவரையே பூட்டினால் ஊர் யாரை நம்பும்? அப்புறம் மெக்சிகோ ஜனாதிபதி சாந்தா அன்னா, மாநிலங்களுக்கு அதிகாரம் கொடுத்த 1824ஆம் ஆண்டு அரசியலமைப்பையே தூக்கி எறிந்தார்.

கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில், பிரெட்றிக் கோட்டையில் பீரங்கி பார்த்திருப்பீர்கள். டெக்சாஸின் கொன்சாலஸ் ஊரில் இருந்தது அதைவிடச் சின்னது. கொமாஞ்சிப் பழங்குடிகளைச் சமாளிக்கத் தாங்களே கொடுத்ததை 1835 ஒக்டோபரில் மெக்சிகோ படை திருப்பிக் கேட்டது. "வந்து எடுத்துப் பார்" என்று ஊரார் கொடி பிடித்தார்கள். சண்டை வெடித்தது. 1836 மார்ச் 2இல் சுதந்திரப் பிரகடனம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மெக்சிகோ 1829இல் அடிமை முறையை ஒழித்தது. குடியேறிகளுக்கோ பருத்திக்கு அடிமைகள் வேண்டும். அவர்களின் புதிய அரசியலமைப்பு அடிமை முறையைக் காத்தது. வகுப்பில் பல வருடம் இதைச் சொல்லாமல் விட்டதற்கு இன்றும் வருந்துகிறேன்.