சீசர் பிறக்காவிட்டால்?

கேள்வி: ஜூலியஸ் சீசர் என்ற ஒருவர் தோன்றாமல் இருந்திருந்தால், ரோமக் குடியரசு தனிமனித ஆட்சிக்குள் விழாமல் தப்பித்திருக்கும் அல்லவா?

பதில்: சீசரைக் குத்திக் கொன்றவர்களும் உங்களைப் போலவேதான் நினைத்தார்கள். கி.மு. 44 மார்ச் 15 அன்று ஆளை ஒழித்தார்கள். மறு ஆண்டே அவருடைய வாரிசான பத்தொன்பது வயது ஆக்டேவியன் எட்டு லெஜியன் (பல்லாயிரம் வீரர்கள் கொண்ட பெரும் படைப்பிரிவுகள்) படைகளோடு ரோமுக்கு வந்து, ஆண்டுதோறும் இருவர் வகிக்கும் உச்சப் பதவியான கான்சல் பதவியை வாங்கிக்கொண்டார்.

சீசருக்கு வெகு முன்பே, கி.மு. 88-இல், சுல்லா என்ற தளபதி தன் படையை ரோமின் மீதே ஏவிவிட்டார். அவருடைய அதிகாரிகளில் ஒருவரைத் தவிர எல்லோரும் விலகிக்கொண்டார்கள், சிப்பாய்கள் விலகவில்லை. ஏன் என்பதல்லவா கேள்வி? கி.மு. 107-இல் மாரியஸ் என்ற கான்சல் நிலமற்ற ஏழைகளையும் படையில் சேர்த்தார். போர் முடிந்தால் அவர்களுக்குத் திரும்பிப் போக ஒரு துண்டு நிலம் கிடையாது. அரசு அதற்குப் பொறுப்பேற்கவில்லை. தளபதி முட்டி மோதி வாங்கித் தந்தால்தான் உண்டு. அப்புறம் சிப்பாய் யாருக்கு விசுவாசமாக இருப்பான்?

குடியரசின் வீழ்ச்சியைத் தவிர்த்திருக்க முடியுமா என்றால், முடியும் என்பேன். கி.மு. 62-இல்கூட வாய்ப்பு வாசல் தேடி வந்தது. கிழக்கு நாடுகளை வென்று தளபதி பாம்பியஸ் இத்தாலியின் பிரண்டிசியம் துறைமுகத்தில் வந்திறங்கியபோது, இன்னொரு சுல்லா வருகிறார் என்று ரோம் நடுங்கியது. அவரோ படையைக் கலைத்துவிட்டுச் சாதாரணக் குடிமகனாக ஊர் திரும்பினார். கேட்டது இரண்டுதான்: கிழக்கில் தாம் செய்த ஏற்பாடுகளுக்கு ஒப்புதல், சிப்பாய்களுக்கு நிலம். ரோமின் ஆட்சி மன்றமான செனட்டில் கேட்டோ, லுகுல்லஸ் என்ற உறுப்பினர்கள் இரண்டையும் இழுத்தடித்தார்கள். பணமில்லை என்ற சாக்குகூட எடுபடாது. பாம்பியஸின் வெற்றிகளால் கஜானா நிரம்பியிருந்தது. சட்டத்துக்குப் பணிந்து வந்தவருக்கு இந்த மரியாதை! வெறுத்துப்போன அவர் சீசரோடும் பெரும் பணக்காரரான கிராசஸோடும் கைகோத்தார். கி.மு. 59-இல் கான்சலான சீசர் அந்த நிலச் சட்டத்தை அடிதடியோடு நிறைவேற்றினார். எதிர்த்த சக கான்சல் பிபுலஸின் தலையில் ஒரு கூடைச் சாணத்தைக் கொட்டினார்கள்.

செனட்டில் எல்லோருமே வீம்பர்கள் அல்லர். கி.மு. 50 டிசம்பரில், அதற்குள் பகையாளிகளாகிவிட்ட சீசரும் பாம்பியஸும் ஒருசேரப் படைப்பொறுப்பைத் துறக்க வேண்டும் என்று 370 பேர் வாக்களித்தார்கள். எதிர்த்தவர்கள் 22 பேர். அந்த 22 பேர் நினைத்ததுதான் நடந்தது. அடுத்த மாதமே உள்நாட்டுப் போர்.

பேரரசு பெருத்துவிட்டதால் ஒருவர் ஆள்வதைத் தவிர வேறு வழியில்லை என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. ஆக்டேவியன் அகஸ்டஸாகி ஆண்ட காலத்தில், கி.பி. 6-இல், ஓய்வுபெறும் வீரர்களுக்கென்றே தனிக் கஜானா திறந்தார். தம் பங்காக 17 கோடி செஸ்டர்ஸ் (ரோம நாணயம்) போட்டு, மேற்கொண்டு வருமானத்துக்கு வாரிசுச் சொத்தின் மீது 5 சதவீத வரி விதித்தார். இதைச் செய்ய ஒரு சக்கரவர்த்தி எதற்கு? செனட் தானே செய்திருக்கலாம். வரி என்றதும் செனட்டின் பணக்காரர்கள் அப்போதும் முணுமுணுத்தார்கள்; ஆனால் மறுத்துப் பேசும் அதிகாரம் அவர்களிடம் மிச்சமில்லை.