குரோம்பேட்டையா, மடிப்பாக்கமா, மேடவாக்கமா?

கேள்வி: திருச்சியில் இருக்கிறோம். எனக்கு வங்கி வேலை; சென்னை தி.நகர் கிளைக்கு மாற்றல் வந்திருக்கிறது. கணவருக்குச் சோழிங்கநல்லூரில் ஐடி வேலை. வாரத்தில் 3 நாள் ஆபீஸ் போனால் போதும். மகள் 8-ஆம் வகுப்பு முடிக்கிறாள், மகன் 2-ஆம் வகுப்பு. இருவரும் சமச்சீர்ப் பாடத்திட்டம். சித்தப்பா குரோம்பேட்டைக்கு வரச் சொல்கிறார். கணவரின் நண்பர்கள் மேடவாக்கம் என்கிறார்கள். புரோக்கர் மடிப்பாக்கத்தில் ஒரு வீட்டைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். வீடு அழகாக இருக்கிறது. எந்த ஏரியா நல்லது? மகளை இப்போதே சிபிஎஸ்இ-க்கு மாற்றிவிடலாமா?

பதில்:

புரோக்கர் அனுப்பிய படத்தை முதலில் ஓரமாக வையுங்கள் அம்மா. பள்ளிச் சேர்க்கை மேசையில் இருபது வருடத்துக்கு மேல் உட்கார்ந்தவன் நான். வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு மே கடைசியில் ஓடி வந்து, "சார், 9-ஆம் வகுப்பில் ஒரே ஒரு சீட்" என்று நின்றவர்களை வருடா வருடம் பார்த்திருக்கிறேன். எல்கேஜியில் சீட் பள்ளி கொடுப்பது. 9-ஆம் வகுப்பில் சீட் என்பது இன்னொரு பிள்ளை விட்டுப்போகும் இடம். யார் போகிறார்கள் என்பது ஏப்ரல், மே வரை பள்ளிக்கே தெரியாது. அதனால் மகளுக்குப் பள்ளி உறுதியான பிறகுதான் வீடு. மூன்று ஏரியாவிலும் இரண்டிரண்டு பள்ளிகளில் இப்போதே பெயர் கொடுத்து வையுங்கள்.

சிபிஎஸ்இ கேள்விக்கு என் பதில்: மகளுக்கு வேண்டாம். அங்கே பத்தாம் வகுப்புத் தேர்வுக்கான பதிவு 9-ஆம் வகுப்பிலேயே நடந்துவிடும். நேரே 10-இல் சேர ஆயிரம் கட்டுப்பாடு. ஆகவே மாறினால் இந்த வருடமே மாற வேண்டும் என்று உறவினர்கள் அவசரப்படுத்துவது ஒருவகையில் சரிதான். ஆனால் ஊர் புதிது, தோழிகள் புதிது, டீச்சர் புதிது. இதோடு பாடத்திட்டமும் புதிது என்றால் ஒரு வருடம் அதிலேயே போய்விடும். அடுத்த வருடம் பொதுத்தேர்வு. சமச்சீரிலேயே பத்தை முடிக்கட்டும். 11-ஆம் வகுப்பில் எப்படியும் குரூப் தேர்ந்தெடுக்க வேண்டும். மாறுவதென்றால் அப்போது மாறலாம். மகன் விஷயம் வேறு. 3-ஆம் வகுப்புப் பிள்ளை எதில் போட்டாலும் ஆறு மாதத்தில் ஒட்டிக்கொள்வான். இருந்தாலும் அக்கா படிக்கும் பள்ளியிலேயே அவனுக்கும் கிடைத்தால் வேறெதையும் பார்க்காதீர்கள். ஒரே வேன், ஒரே லீவு, ஒரே பெற்றோர் கூட்டம்.

இடையில் ஒரு வார்த்தை, இதே நிலையில் இருக்கும் மற்ற பெற்றோருக்கு. உங்கள் பிள்ளை 6-ஆம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்து வந்தால், சென்னைக்கு வந்ததும் தனியார் பள்ளிக்கு மாற்ற அவசரப்படாதீர்கள். மருத்துவம், பொறியியல் சேர்க்கையில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கு 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். நடுவில் ஒரு வருடம் விட்டாலும் போயிற்று.

இனி ஏரியா. "எந்த ஏரியா நல்லது" என்று கேட்டால் அவரவர் குடியிருக்கும் ஏரியாவைத்தான் சொல்வார்கள். கிலோமீட்டரைப் பார்க்காமல், மாதத்துக்கு எத்தனை நடை போய் வர வேண்டும் என்று எண்ணுங்கள். வங்கிக்கு இரண்டாவது, நான்காவது சனி மட்டும்தான் விடுமுறை. நீங்கள் மாதத்துக்கு 23, 24 நாள் தி.நகர் போய் வர வேண்டும். கணவர் 12, 13 நாள். அவருடைய நண்பர்கள் அவருடைய ஆபீஸை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள், உங்களுடையதை வைத்து அல்ல. மேடவாக்கத்திலிருந்து பெரும்பாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூர் கிட்டத்தில்தான். ஆனால் நீங்கள் அங்கிருந்து தி.நகர் போக வேளச்சேரி சாலை நெரிசலில் பஸ்ஸில் நிற்க வேண்டும். குரோம்பேட்டையில் மின்சார ரயில் ஏறினால் பல்லாவரம் தொடங்கி எட்டாவது ஸ்டேஷன் மாம்பலம்; தி.நகருக்கு அங்கேதான் இறங்க வேண்டும். சீசன் டிக்கெட் எடுத்துவிட்டால் சிக்னலும் கிடையாது, இறங்கி மாறுவதும் கிடையாது. கூட்டம் இருக்கும், அது சரி.

கணவருக்குக் குரோம்பேட்டையிலிருந்து சிரமம்தான். பல்லாவரம் 200 அடி சாலையில் துரைப்பாக்கம் போய், அங்கிருந்து சோழிங்கநல்லூர் பக்கம் திரும்பலாம். அல்லது செம்பாக்கம், மேடவாக்கம், பெரும்பாக்கம் வழியாகப் போகலாம். எப்படிப் போனாலும் காலை நேரத்தில் ஒரு மணி நேரத்தை ஒதுக்கி வைக்க வேண்டும். மடிப்பாக்கம், கீழ்க்கட்டளை, கோவிலம்பாக்கம், மேடவாக்கம், பெரும்பாக்கம் என்று சோழிங்கநல்லூர் வரை மெட்ரோ வருகிறது. அது முடிந்தால் மேடவாக்கத்தின் கதையே மாறிவிடும். ஆனால் மெட்ரோ முடியும்வரை உங்கள் மகளின் பத்தாம் வகுப்பு காத்திருக்காது. அதுவரை அந்தச் சாலைகளில் தூசியும் தடுப்பும்தான் உங்கள் பங்குக்கு.

இதையெல்லாம்விட நான் பெரிதாக நினைப்பது ஒன்று உண்டு. பகல் 11 மணிக்குப் பள்ளியிலிருந்து போன் வந்தால் யார் வந்து பிள்ளையை அழைத்துப் போவது? ஒரு முறை இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் காய்ச்சலில் வாந்தி எடுத்துவிட்டு, தோளில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு என் மேசைக்கு எதிரே பெஞ்சில் படுத்திருந்தான். அப்பாவும் அம்மாவும் ஓஎம்ஆரில், அதாவது பழைய மாமல்லபுரம் சாலையில், வேலை. "இதோ கிளம்பிட்டேன் சார்" என்று இரண்டு பேரும் சொன்னார்கள். அம்மா வந்து சேரும்போது மணி இரண்டரை. ஊரில் சொந்தம் என்று ஒருவரும் இல்லை. உங்களுக்கோ குரோம்பேட்டையில் சித்தப்பா இருக்கிறார். கணவர் வீட்டிலிருந்து வேலை பார்க்கும் 2 நாள் போக மீதி நாட்களுக்கு அவரையும் சித்தியையும்விட நல்ல ஏற்பாடு உங்களுக்கு எங்கேயும் கிடைக்காது. அவர்களிடம் முன்கூட்டியே வெளிப்படையாகக் கேட்டுவிடுங்கள். பெயரைப் பள்ளி விண்ணப்பத்திலும் எழுதுங்கள்; எழுதாதவரோடு எந்தப் பள்ளியும் பிள்ளையை அனுப்பாது.

ஆக, என் ஓட்டு குரோம்பேட்டைக்கு. ஆனால் குரோம்பேட்டை என்பதே இரண்டு ஊர். தண்டவாளத்துக்குக் கிழக்கே ராதா நகர், அஸ்தினாபுரம், சிட்லபாக்கம். மேற்கே ஜிஎஸ்டி சாலை என்கிற நெடுஞ்சாலை. வீடும் பள்ளியும் ஒரே பக்கம் இருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். காலை ஏழே முக்காலுக்குப் பிள்ளைகள் தண்டவாளத்தையோ ஜிஎஸ்டி சாலையையோ கடக்கும்படி வீடு பார்த்தால் வாடகை எவ்வளவு குறைந்தாலும் பிரயோஜனம் இல்லை. ஸ்டேஷனுக்குப் போவது பெரியவரான நீங்கள், நீங்கள் கடந்துகொள்ளலாம்.

அடுத்தது தண்ணீர். மூன்று ஏரியாக்காரர்களும் அடுத்த ஏரியாவைக் காட்டி "அங்கேதான் வெள்ளம்" என்பார்கள். நிலவரம் என்னவென்றால், சிட்லபாக்கம் ஏரி நிரம்பினால் செம்பாக்கம், அங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஏரி ஏரியாக வழிந்து கடைசியில் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் போய்ச் சேரும். நீங்கள் சொன்ன இடங்களெல்லாம் இந்தச் சங்கிலியின் கரையிலோ பக்கத்திலோ இருப்பவைதான். மடிப்பாக்கம் சதுப்பு நிலத்தை ஒட்டியது. 2015 வெள்ளத்திலும் அடி வாங்கியது. அதற்காக மடிப்பாக்கம் முழுக்க மூழ்கும் என்றும் இல்லை, சிட்லபாக்கம் முழுக்கத் தப்பும் என்றும் இல்லை. தெருவுக்குத் தெரு மாறும்.

நீங்கள் வீடு பார்ப்பது கோடையில். தெரு காய்ந்து கிடக்கும். வீட்டுக்காரரிடம் "மழைக்குத் தண்ணி வருமா?" என்று கேட்காதீர்கள். "அதெல்லாம் வராதும்மா" என்ற பதில் தயாராக இருக்கும். தெருமுனை இஸ்திரிக்காரரிடமோ மளிகைக் கடையிலோ நின்று, "2023 டிசம்பர் புயலில் இந்தத் தெருவில் எத்தனை நாள் கரன்ட் இல்லை?" என்று கேளுங்கள். நாள் கணக்கைச் சொல்லும்போதே தண்ணீர் எந்தப் படிவரை வந்தது என்பதும் சேர்ந்து வரும். பிறகு வீட்டு வாசலில் நின்று பாருங்கள்: ரோடு உயரமா, வாசல் உயரமா? பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டுப் பல தெருக்களில் வீடுகள் பள்ளத்தில் இறங்கிவிட்டன. இபி மீட்டர் பெட்டியை யாரோ பிற்பாடு மேலே தூக்கி மாட்டியிருந்தால் காரணம் கேளுங்கள். காம்பவுண்டு சுவரில் ஒரே மட்டமாகக் கோடு தெரிகிறதா, அடிப்பக்கம் மட்டும் புது பெயின்டா என்று பாருங்கள். எப்படியானாலும் தரைத்தளம் வேண்டாம்.

குடிநீருக்கும் குப்பைக்கும் மூன்று இடத்துக்கும் மூன்று அதிகாரம். மடிப்பாக்கம் 2011-இலேயே சென்னை மாநகராட்சிக்குள் வந்துவிட்டது. குரோம்பேட்டை 2021-இல் உருவான தாம்பரம் மாநகராட்சியில் இருக்கிறது. மேடவாக்கம் இவ்வளவு கட்டடம் எழும்பிய பிறகும் ஊராட்சிதான். அபார்ட்மென்டாக இருந்தால் மே மாத மெயின்டனன்ஸ் எவ்வளவு, நவம்பரில் எவ்வளவு என்று தனித்தனியாகக் கேளுங்கள். இரண்டுக்கும் நடுவில் பெரிய இடைவெளி இருந்தால் கோடையில் லாரித் தண்ணீர் என்று அர்த்தம்.

கட்டண விஷயம் சுருக்கமாக. தமிழகத் தனியார் பள்ளிகளுக்குக் கட்டணம் நிர்ணயிக்க 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி குழு இருக்கிறது. நிர்ணயித்த தொகை எவ்வளவு என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. நன்கொடை கேட்டால் ரசீது கேளுங்கள். பல இடங்களில் பேச்சு அங்கேயே நின்றுவிடும். வேன் கட்டணம் தனி, அதையும் சேர்த்துக் கூட்டுங்கள். வீட்டுக்கு 11 மாத ஒப்பந்தம் போதும். சொந்த வீடு வாங்கும் எண்ணம் இருந்தால் ஒரு வடகிழக்குப் பருவமழை முழுக்க வாடகையில் இருந்து பார்த்துவிட்டு வாங்குங்கள்.

முடிவெடுக்கும் முன் ஒரு செவ்வாயோ புதனோ லீவு போட்டுவிட்டுச் சித்தப்பா வீட்டுக்கு வந்து தங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை பார்க்கும் குரோம்பேட்டை வேறு. காலையில் பார்த்து வைத்த வீட்டிலிருந்து பள்ளிவரை மகனைக் கைபிடித்து நடத்திக் கூட்டிப் போங்கள். எத்தனை இடத்தில் அவன் கையை இறுக்கிப் பிடிக்கிறீர்கள் என்று எண்ணிக்கொள்ளுங்கள். அன்று மாலை ஆறரை மணிக்கு மாம்பலத்திலிருந்து திரும்பும் ரயிலிலும் ஒருமுறை ஏறிப் பாருங்கள்.

திருச்சிப் பள்ளியில் டிசி வாங்கும் அன்று ஒரு வேலை பாக்கி இருக்கும். எமிஸ் என்கிற பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவுத் தளத்தில் இரண்டு பிள்ளைகளின் பெயரையும் அவர்கள் பொதுத் தொகுப்புக்கு விடுவிக்க வேண்டும். விடுவிக்காவிட்டால் கையில் டிசி இருந்தும் புதுப் பள்ளியால் பெயரை ஏற்ற முடியாது. அதற்கப்புறம் போன் மேல் போன். அங்கே கோடை விடுமுறை, எடுக்க ஆள் இருக்காது. அலுவலகத்தில் உட்கார்ந்து, கம்ப்யூட்டரில் விடுவித்ததைக் கண்ணால் பார்த்துவிட்டு, எமிஸ் எண்ணை டிசியின் பின்பக்கம் பென்சிலில் குறித்துக்கொண்டு கிளம்புங்கள்.