புதைகுழி எலும்புக்கூட்டில் குடற்புழுத் தடயம்: மண்ணை எங்கிருந்து எடுப்பது?

கேள்வி: அகழாய்வுக் குழியில் முழு எலும்புக்கூடு கிடைத்திருக்கிறது. இறந்தவருக்குக் குடற்புழு இருந்ததா என்று பார்க்க எங்கிருந்து, எவ்வளவு மண் எடுக்க வேண்டும்? எலும்பைக் கழுவிய பிறகு எடுக்கலாமா?

பதில்: தயவுசெய்து கழுவிவிடாதீர்கள். புழு மக்கிவிடும், அதன் முட்டை ஓடுதான் மண்ணில் நிலைக்கும். குடல் அழுகும்போது முட்டைகள் இடுப்புக்குழி மண்ணில் தங்கிவிடுகின்றன. முதுகெலும்பின் அடியிலுள்ள முக்கோண எலும்பான திரிகத்தின் முன்பக்கத்தை ஒட்டிய மண்தான் உங்களுக்கு வேண்டியது. 20 கிராம் போதும். ஒரு சோதனைக்கு 0.2 கிராம்தான் செலவாகும், மீதியைக் குளிர்பெட்டியில் வையுங்கள். ஈரத்தோடு வெளியே கிடந்தால் பூஞ்சை முட்டையைத் தின்றுவிடும்.

பலர் கோட்டைவிடுவது ஒப்பீட்டு மண்ணில். மண்டையோட்டுப் பகுதியிலிருந்து ஒன்று, குழிக்கு வெளியிலிருந்து ஒன்று, ஒவ்வொன்றுக்கும் புதுக் கரண்டியால் எடுங்கள். இவை இல்லையென்றால், ஊர்க் கழிவு மண்ணில் ஏற்கெனவே கிடந்த முட்டையா, அவர் வயிற்றிலிருந்து வந்ததா என்று சொல்லவே முடியாது. 2012இல் இங்கிலாந்தின் லெஸ்டரில் கிடைத்த மன்னர் மூன்றாம் ரிச்சர்டின் எலும்புக்கூட்டில் இதைத்தான் செய்தார்கள். திரிக மண்ணில் உருளைப்புழு முட்டைகள் பல இருந்தன. மண்டையோட்டு மண்ணில் ஒன்றும் இல்லை. குழிக்கு வெளியே மிகச் சிலவே. அதனால்தான் அவருக்கு உருளைப்புழு இருந்தது என்ற முடிவு நிற்கிறது.

ஆய்வகத்தில் 0.5 விழுக்காடு டிரைசோடியம் பாஸ்பேட் கரைசலில் மண்ணை ஊறவிட்டு, கட்டி கரைந்ததும் 300, 160, 20 மைக்ரான் சல்லடைகளில் வரிசையாக வடிகட்டுங்கள். 20 மைக்ரான் சல்லடையில் தங்குவதைக் கிளிசராலுடன் கண்ணாடிச் சில்லில் வைத்து 400 மடங்கில் பாருங்கள். சாட்டைப்புழு முட்டை பீப்பாய் வடிவில், இரு முனையிலும் அடைப்போடு, 50 முதல் 55 மைக்ரான் நீளம் இருக்கும். உருளைப்புழு முட்டையின் மேற்பரப்பு கரடுமுரடானது. ஆனால் பன்றியின் உருளைப்புழு முட்டையும் அப்படியேதான் இருக்கும். நுண்ணோக்கியால் பிரிக்க முடியாது.

முட்டையை எண்ணி நோயின் கடுமையைக் கணிக்க வேண்டாம். ஒரு பெண் உருளைப்புழு நாளொன்றுக்கு 2,00,000 முட்டை வரை இடும். குழி மண் எவ்வளவு கலந்தது என்பதும் தெரியாது. முட்டையே கிடைக்காவிட்டாலும் "புழு இல்லை" என்று எழுதாதீர்கள். மழைநீர் கீழே அடித்துச் சென்றிருக்கலாம். கொக்கிப்புழு முட்டையின் ஓடு மெல்லியது, சீக்கிரம் சிதையும். கீரிப்பூச்சியோ முட்டையைக் குடலுக்குள் இடாமல் ஆசனவாயைச் சுற்றி இடுவதால் மண்ணில் அகப்படுவது அரிது.

எலும்பை ஏற்கெனவே கழுவிவிட்டார்கள் என்றால் திரிகத்தின் துளைகளைப் பாருங்கள். உள்ளே ஒட்டிய மண் பெரும்பாலும் மிஞ்சியிருக்கும், மரக்குச்சியால் மெல்லச் சுரண்டி எடுக்கலாம். அந்த எலும்புக்கூட்டின் மண்டையோட்டுக்குள் ஒட்டிய மண்ணையும் ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.